பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

என் மகள் பிறந்த நாற்பதாம் நாள் நான் சார்ஜாவுக்குத் திரும்பிப் போனேன். அதற்குப் பிறகு இரண்டே முக்கால் வருடம் அவளுக்கு அத்தா என்றால் கைபேசிக்குள் பேசும் ஒரு தலை. அந்தத் தலைக்குக் கையும் காலும் உண்டு, அது ஒருநாள் தென்காசிக்கு வந்து நம் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். எதையும் இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். அதில் அவள் என்னை மாதிரி.

சார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு வேலை. மிட்டாய் ரேக் என் பொறுப்பு. எந்தத் தட்டில் எந்த மிட்டாய் இருக்கிறது, எது குழந்தைகளுக்குப் பிடிக்கும், எதை வாங்கிக் கொடுத்துவிட்டு அம்மாக்கள் வருத்தப்படுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் பக்கத்து ஆட்கள் யார் ஊருக்குப் போனாலும் அவர்கள் பெட்டியில் என் பங்காக ஒரு தகர டப்பா ஏறிவிடும். தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி என்று எந்த ஊர்க்காரரானாலும் விடமாட்டேன். என்னைக் கண்டாலே பெட்டியில் இடமில்லை என்று முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

மிட்டாய்க்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். நான் போனில் வரும்போது மட்டும் ஒன்று, அதுவும் ‘இது அத்தா தந்தது’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மனைவியிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இது என் சொந்த மூளையில் உதித்ததும் அல்ல. என்னோடு அறையில் இருந்த ஆறு பேரில் நாலு பேர் வீட்டில் இதே ஏற்பாடுதான். பிள்ளை நம்மை மறந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எங்கள் யாருக்கும் வேறு நினைப்பு கிடையாது. என் வேலை முடிந்து நான் அழைப்பது அவள் தூங்கப் போகும் நேரம். மிட்டாயை வாய்க்குள் அதக்கிக்கொண்டு, பிசுபிசுத்த உதட்டால் போனுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, அப்படியே தூங்கிப்போவாள். அதைப் பார்த்துவிட்டு நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

போன வருடம் குற்றால சீசன் நேரத்தில் இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்தேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வீடு வந்து சேர்ந்தபோது மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சறுக்கி இறங்கி உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் அம்மாவின் போன் இருந்தது. அதை என்னிடம் தூக்கிக் காட்டி, “அத்தா” என்றாள். யாரோ வழிதவறி வந்திருக்கிறார், சரியான ஆளைக் காட்டிக் கொடுப்போம் என்ற தோரணை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு முன்கோபம் உண்டு. வருத்தப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுவேன், வெட்கப்பட வேண்டிய இடத்திலும் கோபப்படுவேன். வந்த முதல் நாற்பது நாளும் கோபத்தை அடக்கிக்கொண்டு ஒரு மூன்று வயதுகூட ஆகாத பெண்ணின் பின்னால் அலைந்தேன். நான் கட்டிலில் உட்கார்ந்தால் அவள் தரைக்கு இறங்குவாள். நான் தரையில் உட்கார்ந்தால் அம்மாவின் மடிக்கு ஏறுவாள். என் கையிலிருந்து மிட்டாயை மட்டும் அணில் மாதிரி வந்து கவ்விக்கொண்டு ஓடுவாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், “பிள்ள இன்னும் அத்தாட்ட ஒட்டலியோ?” என்று தவறாமல் கேட்டார்கள். ஒட்டுவதற்கு நான் என்ன ஸ்டிக்கரா என்று வாய் வரை வரும். மாமியார் வீட்டு ஆட்கள் என்பதால் விழுங்கிக்கொள்வேன்.

நாற்பத்தோராம் நாள் மூன்று பேருமாக ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் தண்ணீர் வேகமாக விழுந்ததால் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது என்று மனைவி அவளையும் துணிப்பையையும் என் பக்கத்தில் படியில் விட்டுவிட்டுப் போனாள். மகள் துணிப்பையைக் கட்டிக்கொண்டு அம்மா போன திசையையே பார்த்து அழுதாள். அப்போது காற்று திரும்பியது. அருவி அப்படியே எங்கள் பக்கம் சாய்ந்து முகத்தில் அறைந்தது. தண்ணீர் இரைச்சல், போலீஸ் விசில், குளிக்கிறவர்களின் கூச்சல், எல்லாம் ஒன்றாக வந்து விழுந்ததில் அவள் பயந்துபோய்ப் பையைக் கீழே போட்டாள். என் முழங்காலைப் பிடித்தாள், சட்டையைப் பிடித்தாள், ஏறிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மனைவி வரும்வரை நான் சிலையாக நின்றேன். கை மரத்துப்போனது. அசைந்தால் இறங்கிவிடுவாளோ என்று பயம். குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காமல் திரும்பிய ஒரே தென்காசிக்காரன் நானாகத்தான் இருப்பேன், அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. மனைவி ஈரத் தலையோடு வந்து கையை நீட்டியபோது மகள் போகவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவே கிடையாது.

அந்தப் பெருமையில் வழியில் ஒரு பழக்கடையில் ரம்புட்டான் வாங்கினேன். நானே தோலைப் பிதுக்கி, கொட்டையை எடுத்து, சதையை அவள் வாயில் வைத்தேன். ஒரு கடி கடித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் போட்ட அலறலில் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். வாயைத் திறந்து பார்த்தேன். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் பழுப்பு. நடுப்பல் ஒன்று பாதி கரைந்து கூராக நின்றது. அதற்கு மேலே ஈறு உப்பி, நுனியில் மஞ்சளாகச் சீழ் வைத்திருந்தது. அந்தப் பழுப்பை நான் மாதக்கணக்கில் போனில் பார்த்திருக்கிறேன். சாக்லேட் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, “வாயத் தொடச்சு விடுட்டி” என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இப்போது சிரிக்கவில்லை. நடுரோட்டில் நின்று மனைவியைப் பிடித்துக்கொண்டேன். “ஒரு பிள்ளய வச்சுப் பாத்துக்கிடுத லெச்சணமா இது? பல்லு அழுகிப்போற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்த?” என்று கத்தினேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வந்ததும் அவள் ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினாள். உளுந்து, கடுகு, மல்லி, வத்தல், சீனி எல்லாம் நான் அனுப்பிய மிட்டாய் டப்பாக்களில் இருந்தன. இரண்டு தட்டு நிறைய.

“ரெண்டு வாட்டி நான் நிறுத்துனேன், மச்சான்” என்றாள். “மிட்டாய் இல்லேன்னதும் போனத் தள்ளி விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாத்தேன். மறுநாள் நானேதான் எடுத்துக் குடுத்தேன். பால்பல்லுதானே, தானா விழுந்து மொளைக்கும்னு எல்லாரும் சொன்னாங்க.”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அலமாரிக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று அதைக் குறை சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பல் டாக்டரிடம் போனோம். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் சின்ன கிளினிக். டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். மகளின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, மிட்டாயோடு தூங்குவாளா என்று முதல் கேள்வியிலேயே பிடித்துவிட்டார். மனைவி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான்தான், “நான் அனுப்பினது” என்றேன்.

“மத்த மூணையும் காப்பாத்திரலாம். இத எடுத்துத்தான் ஆகணும், வேரு வரைக்கும் போயிட்டு” என்றார் டாக்டர். “விட்டா சீழு உள்ள எறங்கி, ஈறுக்குள்ள இருக்க புதுப் பல்லயும் கெடுத்துரும். அஞ்சு நாளு மருந்து குடுங்க, வீக்கம் வத்தட்டும். பொறகு ரெண்டு நிமிச வேல. மரத்துப்போக ஊசி போடுவேன். ஆனா பிள்ளய மடியில வச்சுப் பிடிச்சுக்கிட ஒரு ஆள் வேணும். என்ன அழுதாலும் பிடிய விட்டுரக் கூடாது.”

புதுப் பல் எப்போது வரும் என்று கேட்டேன். ஏழு வயது ஆகும் என்றார். அதற்குள் நான் இரண்டு தடவை வந்து போயிருப்பேன்.

பிடித்துக்கொள்ளும் ஆள் மனைவிதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மாடிப்படி இறங்கும்போதே அப்படித்தான் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மகள் தூங்கிய பிறகு மனைவி சொன்னாள்: “நீங்கதான் பிடிக்கணும்.”

“நானா? நேத்துத்தான் எங்கிட்ட வந்திருக்கா.”

“அதுக்குத்தான் சொல்லுதேன். நீங்க இன்னும் பதினெட்டு நாள்ல பயணம் போயிருவீங்க. நான் பிடிச்சு, அவ எம்மேல கோவிச்சுக்கிட்டா, பொறகு இங்கன அவளுக்கு ஆரு இருக்கா? சோறு ஆரு ஊட்டுவா, காய்ச்சல்னா ஆருட்டப் போவா? ஒங்க மேல கோவம்னா பரவால்ல. நீங்க போன்லதான இருப்பீங்க, கொஞ்ச நாள்ல மறந்துருவா.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். ரயில்வே கேட் வரை நடந்தேன், திரும்பி பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன். அவள் மேல் கோபப்பட ஒரு காரணம் தேடிக்கொண்டே நடந்தேன். அகப்படவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. நாற்பது நாள் காத்திருந்து என் கழுத்துக்கு வந்த பிள்ளையை நான்தான் பிடித்து அமுக்க வேண்டும். அந்தக் கோபத்தோடு விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டும். திரும்ப வருவதற்கு இரண்டு வருடம் ஆகும். திரும்பி வந்து, “சரி” என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஐந்து நாளும் மகள் என்னோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். யார் கண் பட்டதோ, இப்போதுதான் அவளுக்கு என்னைப் பிடித்துப்போக வேண்டுமா? காலையில் எழுந்ததும் என் வயிற்றில் ஏறி உட்காருவாள். மருந்தை நான் கொடுத்தால்தான் குடிப்பாள். என் மீசையைப் பிடித்து இழுத்து, இது போனில் இருக்கும் அதே மீசைதானா என்று சரிபார்த்துக்கொள்வாள். கடைக்கு என் தோளில் உட்கார்ந்து வந்து, எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம், “எங்க அத்தா” என்று சொன்னாள். எனக்கு ஒவ்வொரு நாளும் சந்தோஷமாகவும் இருந்தது, யாரையோ ஏமாற்றுவது போலவும் இருந்தது. மிட்டாயை மட்டும் நிறுத்திவிட்டோம். அதற்கு அவள் பெரிதாக ஒன்றும் ரகளை செய்யவில்லை. அது எனக்கு இன்னொரு அடி. இவ்வளவு சுலபமாக நிறுத்தியிருக்கலாமா என்று இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் கிளினிக்குக்குப் போனோம். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்தேன். டாக்டர் சொன்னபடி அவளை என் மேல் மல்லாக்கக் கிடத்தினேன். அவள் முதுகு என் நெஞ்சில். அவள் கால்களை என் கால்களுக்கு நடுவே பூட்டிக்கொண்டேன். இரண்டு கைகளையும் சேர்த்து என் ஒரு கையால் பிடித்தேன். அங்கே உதவிக்கு இருந்த அக்கா தலையைப் பிடித்துக்கொண்டார். விளையாட்டு என்று நினைத்து மகள் சிரித்தாள். வலிக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “கொஞ்சம் வலிக்கும். அத்தா இருக்கேன்” என்றேன்.

ஊசி இறங்கியதும் அவள் உடம்பு முழுவதும் ஒரு தடவை வில்லாக வளைந்தது. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. “விட்டுராதீங்க, அண்ணா” என்றார் டாக்டர். நான் விடவில்லை. இடுக்கியை எடுத்தார். மகள் கத்த ஆரம்பித்தாள்.

எங்கே விழுந்தாலும், எறும்பு கடித்தாலும், கெட்ட கனவு கண்டாலும் அம்மா என்றுதான் கத்துவாள். அன்றைக்கு அவள், “அத்தா” என்று கத்தினாள். “அத்தா, அத்தா, வா அத்தா” என்று கதவைப் பார்த்துக் கத்தினாள். பிடித்திருப்பது நான் என்று அவளுக்குத் தெரியவில்லை. மல்லாக்கக் கிடந்தவளுக்கு என் முகம் தெரியாது. யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், அத்தா வந்து விடுவிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அவள் கூப்பிடக் கூப்பிட நான் பிடியை இறுக்கினேன். என் கண்ணீர் அவள் தலைமுடியில் விழுந்தது. எனக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அரிசி அளவில் ஒரு துண்டு, டாக்டரின் தட்டில் கிடந்தது. பஞ்சை வைத்து அமுக்கிவிட்டு, “முடிஞ்சுது, தூக்குங்க” என்றார். நான் பிடியை விட்டு அவளை என் பக்கமாகத் திருப்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடி அழுகை நின்றுவிட்டது. பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கி, பஞ்சு வாயோடு கதவுக்கு ஓடினாள்.

இரத்தம் நிற்க இன்றைக்கு மட்டும் ஐஸ்கிரீம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வழியில் வாங்கி ஒரு கரண்டி நீட்டினேன். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் கையிலிருந்து ஓர் இனிப்பை அவள் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை. ஆட்டோவிலேயே அது உருகி என் கையில் வழிந்தது.

அன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் அவள் வெளியேறினாள். பயணம் சொல்லிக்கொள்ள உறவுக்காரர் வீடுகளுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் அது கட்டாயம். எல்லா வீட்டிலும் மகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாள். “பிள்ள இன்னும் அத்தாட்ட ஒட்டலியோ?” என்று மறுபடியும் கேட்டார்கள். இந்த முறை எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பல் எடுத்த நான்காம் நாள் காலையில் மனைவி சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கதவோரம் நின்று, “நீ சொன்னது சரியாப் போச்சு” என்றேன். “ஒங்கிட்ட ஒட்டிக்கிட்டா. எங்கிட்ட கோவம்.” சமாதானமாகத்தான் சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தினாள்.

“வெளிய பெஞ்சுல ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றாள். “இப்பக் கூப்பிடுவா, இப்பக் கூப்பிடுவான்னு எந்திரிச்சு கதவு பக்கத்துலயே நின்னேன். அத்தா அத்தான்னே கத்துனா. என்னய ஒரு வாட்டி கூடக் கூப்பிடல, மச்சான்.”

சொல்லிவிட்டுத் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். இரண்டே முக்கால் வருடம் தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள், பல் அழுகியதற்கு நடுரோட்டில் என்னிடம் திட்டு வாங்கியபோதும் அழாதவள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துக் கேவலமாகவும் இருந்தது. குற்றாலத்தில் கத்தியதற்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டு மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யார் குற்றவாளி என்று அவளுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நேராக என்னிடம் வந்து தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “பேட் அத்தா” என்றாள். முன்பல் போன ஓட்டை வழியாகக் காற்றும் எச்சிலும் சேர்ந்து வந்தன. இன்னொரு அடி. “அம்மா அழுவுதா, பேட் அத்தா.” மூன்றாவது அடி அடித்த கை திரும்பிப் போகவில்லை. நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் குனியவில்லை, தூக்கவில்லை. ஏதாவது செய்யப்போய் அந்தக் கையை எடுத்துவிடுவாளோ என்று பயந்து, அவள் திட்டி முடிக்கும்வரை நின்று வாங்கிக்கொண்டேன்.